செக்யூரிட்டி உடுப்பு பொலிஸ் உடுப்பு அல்ல



நீளமான பதிவுதான். கடை வைத்திருப்பவர்களும், கடை வாசலில் காவலுக்கு நிற்பவர்களும், பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு அனுப்பும் பெற்றோரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ ஓடியது. அநேகமானோர் பார்த்திருப்பீர்கள். ஒரு புடவைக்கடையின் ஸ்டோர் அறை. பதினான்கு வயதுப் பொடியன் ஒருவன் முழந்தாளில் இருக்கிறான். அவனுடைய கொலரைக் கடையின் செக்யூரிட்டி பிடித்திருக்கிறார். மடியில் ஒரு சேர்ட். "யார்ர மகன்டா நீ? வாப்பாட பேரச் சொல்லு" என்று போனைப் பிடித்திருப்பவர் கேட்கிறார். கன்னத்தில் அடி விழுகிறது. பின்னால் சிரிப்புச் சத்தம்.

கடையின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களும் கொமென்டில் எழுத வேண்டாம். எழுதினால் அழித்துவிடுவேன்.

வீடியோவுக்குக் கீழே நமது ஆட்கள் எழுதியவை: "நல்ல பாடம்." "இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்." "செக்யூரிட்டி நானாக்கு சல்யூட்." எழுதியவர்களில் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள், என்னோடு படிப்பிப்பவர்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

வீடியோவில் இல்லாத பகுதியையும் சொல்கிறேன். அஸருக்குப் பிறகு பிடித்த பிள்ளையை மஃரிப் தாண்டியும் அந்த அறையில் வைத்திருந்தார்கள். பிறகுதான் வாப்பாவுக்குக் கோல் எடுத்தார்கள். அவர் கூலி வேலை செய்பவர். 1,500 ரூபா சேர்ட்டுக்கு 15,000 ரூபா கேட்டார்கள். கடன் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். பொலிஸுக்கு யாரும் அறிவிக்கவில்லை. அவர் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே வீடியோ அவருடைய மச்சானின் போனுக்கு வந்துவிட்டது. பிள்ளை எங்கள் பாடசாலை மாணவன். விடுமுறை முடிந்தும் இன்னும் வகுப்புக்கு வரவில்லை.

அவன் எடுத்தானா இல்லையா என்று நான் வாதாடப் போவதில்லை. எடுத்தான் என்றே வைத்துக்கொள்வோம். களவு மார்க்கத்திலும் குற்றம், நாட்டுச் சட்டத்திலும் குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 367ஆம் பிரிவு அதற்குத் தண்டனை சொல்கிறது. அந்தத் தண்டனையைக் கொடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. அவன் செய்தது ஒரு குற்றம். அந்த அறையில் அவனுக்குச் செய்யப்பட்டவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

▪️ முதலில், செக்யூரிட்டி என்பவர் சட்டப்படி யார்?

இலங்கையில் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டம். அதன்படி இந்தத் தொழிலைச் செய்யும் கம்பனி பாதுகாப்பு அமைச்சின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்வது குற்றம்.

பதிவு எதற்கு? காவல் தொழிலை ஒரு வியாபாரமாகச் செய்வதற்கு. அந்தப் பதிவு யாருக்கும் பொலிஸ் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுப்பதில்லை. தோளில் பட்டி, நெஞ்சில் பட்ஜ், இடுப்பில் பெல்ட், கையில் வோக்கி டோக்கி எல்லாம் இருக்கலாம். சட்டத்தின் முன்னால் அவர் ஒரு தனிநபர். ஒருவரைக் கைது செய்ய அவருக்கு இருக்கும் அதிகாரம், எதிர்க் கடையில் தேத்தண்ணி ஊற்றும் நானாவுக்கு இருக்கும் அதே அதிகாரம்தான். எனக்கும் அவ்வளவுதான். உங்களுக்கும் அவ்வளவுதான். கம்பனி மூலம் வராமல் முதலாளி நேரடியாகச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் காவலாளிக்கும் இதே நிலைதான்.

▪️ அந்த அதிகாரம் எவ்வளவு?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு. இதைக் கடை முதலாளிகள் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவைக்க வேண்டும். ஒரு தனிநபர் இன்னொருவரைப் பிடிக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் மூன்றே மூன்று.

1. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய ஒரு குற்றத்தை அவர் உங்கள் முன்னிலையில் செய்ய வேண்டும். களவு அப்படியான ஒரு குற்றம்.

2. அவர் குற்றவாளியென்று பகிரங்கமாகப் பிரகடனம் செய்யப்பட்டவராக இருக்க வேண்டும்.

3. அவர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அப்படியான குற்றத்தைச் செய்துவிட்டுத்தான் ஓடுகிறார் என்று நியாயமாகச் சந்தேகிக்கக் காரணமும் இருக்க வேண்டும்.

பிடித்த பிறகு? தேவையில்லாத தாமதம் இன்றி அருகிலுள்ள பொலிஸ் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அலுவலர் இல்லையென்றால் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அத்தோடு உங்கள் அதிகாரம் முடிந்தது.

பொலிஸுக்கு இதைவிடக் கூடுதலான அதிகாரம் இருக்கிறது. ஒரு முறைப்பாடு வந்தால், நியாயமான சந்தேகம் இருந்தால், தன் கண்ணால் பார்க்காத குற்றத்துக்கும் பொலிஸ் கைது செய்யலாம். தனிநபருக்கு அந்த வசதி இல்லை. "முழி சரியில்ல", "போன கிழமையும் வந்து சும்மா சுத்தினவன்", "அந்தப் புள்ள சொன்னா" என்பதெல்லாம் 35ஆம் பிரிவில் இல்லை. நேற்றைய கெமராப் பதிவைப் பார்த்துவிட்டு இன்று சாமான் வாங்க வந்தவரை அமுக்கிப் பிடிப்பதும் அதில் இல்லை. பதிவு இருந்தால் அதைப் பொலிஸில் கொடுத்து முறைப்பாடு போடுங்கள். அது அவர்களுடைய வேலை.

▪️ இப்போது அந்த ஸ்டோர் அறைக்கு வருவோம்

பொடியன் சேர்ட்டைப் பைக்குள் வைத்ததைச் செக்யூரிட்டி கண்ணால் பார்த்தார் என்கிறார்கள். சரி. பிடித்தது சட்டப்படி சரியென்றே எடுத்துக்கொள்கிறேன். பிரச்சினை அதற்குப் பிறகு.

பிடித்தவரைப் பொலிஸிடம் கொடுக்காமல் மணிக்கணக்கில் அறைக்குள் வைத்திருந்தால் கைது என்ற பேச்சு அங்கே முடிகிறது. அதற்குப் பிறகு அது பிழையாக அடைத்து வைத்தல். தண்டனைச் சட்டக்கோவையின் 331, 333ஆம் பிரிவுகள் அதைப் பற்றியவை. போகும் வழியை மறித்து நிற்பதற்குக் கூட 330ஆம் பிரிவு இருக்கிறது.

அடித்தது. கைது செய்யும்போது ஒருவர் எதிர்த்தால், அவரைப் பிடிப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பலத்தைத்தான் பாவிக்கலாம். முழந்தாளில் இருக்கும் பிள்ளை எதை எதிர்த்தான்? அது வேண்டுமென்றே காயம், நோவு ஏற்படுத்துதல். 314ஆம் பிரிவு.

15,000 ரூபா. "காசு தராவிட்டா பொலிஸுக்குக் குடுப்பம், வீடியோவ ஊர் முழுக்க விடுவம்" என்று பயமுறுத்தி, சேர்ட்டின் விலையைப் போல் பத்து மடங்கு வாங்கினார்கள். ஒருவருடைய உடம்புக்கு மட்டுமல்ல, மானத்துக்குக் கேடு செய்வதாகப் பயமுறுத்தி எதையாவது பறிப்பதும் 372ஆம் பிரிவுக்குள் வரும். அதற்குச் சட்டத்தில் இருக்கும் பெயர் கப்பம். கடைக்காரருக்குச் சேர வேண்டியது அவருடைய சேர்ட். அது அவருடைய கையிலேயே இருந்தது.

பையையும் உடம்பையும் துழாவியது. இது பலருக்குத் தெரியாது. தனிநபர் ஒருவரைச் சட்டப்படி பிடித்தாலும், பிடிபட்டவரைச் சோதனை செய்யும் அதிகாரத்தைச் சட்டம் அவரைப் பொறுப்பேற்கும் அலுவலருக்குத்தான் கொடுத்திருக்கிறது. பெண்ணாக இருந்தால் ஒரு பெண்தான், மானம் மரியாதை கெடாமல் சோதிக்க வேண்டும் என்றும் அதே சட்டக்கோவை சொல்கிறது. பொலிஸுக்கே அந்த நிபந்தனை என்றால், வாசலில் நிற்பவர் ஒரு சகோதரியின் அபாயாவைத் தொட்டுப் பார்ப்பது எந்தக் கணக்கில் சேரும்?

வயதையும் பாருங்கள். 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எதுவும் இந்த நாட்டில் குற்றம் ஆகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், அந்தப் பிள்ளைக்குத் தான் செய்வது விளங்கும் பக்குவம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு சொக்லட்டைச் சட்டைப்பைக்குள் போட்டதற்காக நமது ஊர்க் கடைகளில் காதைத் திருகிக் கதிரையில் இருத்தி வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு 12 ஆகவில்லை என்றால், அந்தக் கடைக்குள் நடந்த ஒரே குற்றம் கடைக்காரருடையது.

▪️ "நாங்க சின்ன வயசில வாங்காத அடியா சேர்?"

என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். நான் ஆசிரியர், அதனால் தெரிந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறேன். பாடசாலையில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை அன்றே சொல்லிவிட்டது. அதே 2005இல், 23ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நீதிமன்றம் பிரம்படி கொடுக்கும் தண்டனையையும் இந்த நாடு நீக்கிவிட்டது. படிப்பிக்கும் ஆசிரியருக்கு இல்லை, விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நீதவானுக்கும் இல்லை. அந்த அதிகாரம் புடவைக்கடை ஸ்டோர் அறைக்கு எங்கிருந்து வந்தது?

▪️ "பொலிஸில குடுத்தா பொடியன்ட எதிர்காலம் பாழாகும். நாங்க இரக்கப்பட்டுத்தான் நாங்களே முடிச்சம்"

இதுதான் நமது ஊரில் நன்றாக விலைபோகும் வாதம். கெட்ட எண்ணத்தில் எல்லோரும் சொல்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பொலிஸ், கோடு, வழக்கு என்று ஒரு பிள்ளை அலைவதை யார் விரும்புவார்?

ஆனால் இரக்கம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். இரக்கப்பட்டவர் சேர்ட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வாப்பாவை அல்லது உம்மாவைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி ரகசியமாகச் சொல்லி அனுப்பிவைப்பார். முறைப்பாடு செய்வதும் விடுவதும் கடைக்காரரின் விருப்பம். விட்டுவிட்டால் அவருக்கு அல்லாஹ்விடம் கூலி இருக்கிறது. அடித்து, முழந்தாளில் வைத்து, வீடியோ எடுத்து, காசும் வாங்கி, குழுமத்திலும் போட்டுவிட்டு அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்காதீர்கள். பொலிஸ் நிலையத்தில் பெயர் பதிந்தால் எதிர்காலம் கெடும் என்று பயந்தவர்கள், ஊர் முழுக்க முகத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்று ஏன் பயப்படவில்லை? வழக்கு என்றாவது ஒரு நாள் முடியும். இந்த வீடியோ அவனுடைய கல்யாணப் பேச்சிலும் வந்து நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த "இரக்கம்" யாருக்குக் கிடைக்கிறது? ஊரில் பெயர் சொன்னால் தெரியும் ஒருவரின் மகன் அதே சேர்ட்டை எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலாளி தானே ஓட்டோ பிடித்து வீட்டில் விட்டிருப்பார். "யார்ர மகன்டா நீ?" என்ற கேள்வியே அதற்குத்தான். யாருடைய மகன் என்று தெரிந்த பிறகுதான் அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவாகிறது.

▪️ "களவு போற சாமானுக்கு யார் காசு தாற?"

நியாயமான கேள்வி. பெருநாள் சீசனில் கடைக்காரருக்கு நட்டம் வருவது உண்மை. அதற்கு வழிகள் இருக்கின்றன. பைகளை டோக்கன் போட்டு வாங்கி வைக்கலாம். உள்ளே வரும் முன் பையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், சம்மதித்தால் பார்க்கலாம். சம்மதிக்காதவரை உள்ளே எடுக்காமல் விடலாம். வெளியே போகும்போது பில்லைக் கேட்கலாம். கெமரா வைக்கலாம், கூடுதலாக ஆட்களை நிறுத்தலாம், கண் முன்னால் எடுத்தவரைப் பிடித்து 119க்கு அழைக்கலாம். இவையெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவை, பயனும் உள்ளவை. பையைப் பறித்து இழுத்துத் திறப்பதும், "கெமராவில பட்டுட்டு" என்று பொய் சொல்லி வாக்குமூலம் வாங்குவதும் அந்தப் பட்டியலில் இல்லை.

களவுக்குப் பயந்து பின்பக்கக் கதவுக்குப் பூட்டுப் போடும் கடைகளும் நமது ஊரில் இருக்கின்றன. பெருநாள் இரவில் மேல் மாடியில் நூறு பெண்களும் பிள்ளைகளும் நிற்கும்போது ஒரு வயர் பற்றிக்கொண்டால் என்ன நடக்கும்? சேர்ட்டைக் காப்பாற்றும் பூட்டு ஆட்களை உள்ளே அடைக்கும். வெளியேறும் வழியைத் திறந்து வைத்திருப்பதும், ஆபத்து நேரத்தில் சனத்தை ஒழுங்காக வெளியே அனுப்புவதும் செக்யூரிட்டியின் முதலாவது கடமைகளில் ஒன்று. அதை எந்தக் கடையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

▪️ 2019ஐ மறந்துவிட்டோமா?

ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு, 29ஆம் திகதி அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. அந்த ஒழுங்குவிதி முகத்தைப் பற்றியது. அவசரகால நிலை அதே வருடம் ஓகஸ்டில் முடிந்தபோது அதுவும் முடிந்தது. ஆனால் கடை வாசல்களிலும், ஆஸ்பத்திரி வாசல்களிலும், கந்தோர் வாசல்களிலும் நின்ற செக்யூரிட்டிகள் முகம் திறந்திருந்த நமது பெண்களிடம் முக்காட்டைக் கழற்று, அபாயாவைக் கழற்று என்றார்கள். எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்! வருத்தக்காரப் பிள்ளையைப் பார்க்கப் போன உம்மாமாரும் அதில் இருந்தார்கள். அடுத்த வருடமே கொரோனா வந்து, முகத்தை மூடாதவரை உள்ளே விடமாட்டோம் என்று அதே வாசல்களில் நின்றவர்கள் சொன்னது வேறு கதை.

அன்று நாம் கேட்டோம்: "என்ட உடுப்பக் கழற்றச் சொல்ல இவன் யார்?" மிகச் சரியான கேள்வி. அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் என்ற காரணங்களால் கடைகளுக்கும், பொது உணவகங்களுக்கும், ஹோட்டல்களுக்கும், பொதுக் களியாட்ட இடங்களுக்கும் செல்வதில் எவருக்கும் தடையோ நிபந்தனையோ போடக் கூடாது என்று அது சொல்கிறது. கடை தனியாருடையதுதானே என்று சாக்குச் சொல்ல இடமில்லாமல் கடை என்றே எழுதியிருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்வி நமக்கு வலிக்கும்போது மட்டும் கேட்கும் கேள்வியாக இருக்கக் கூடாது. நமது பெண்களின் முக்காட்டைத் தொட அதிகாரம் இல்லாத அதே செக்யூரிட்டிக்கு, நமது ஊர்ப் பொடியனின் கன்னத்தைத் தொடவும் அதிகாரம் இல்லை. நமது கடைக்குக் கிழிந்த செருப்போடு வரும் ஒரு தமிழ்த் தாயின் பின்னாலேயே ஆள் அனுப்பவும், பாஷை விளங்காத ஒரு சிங்களப் பிள்ளையின் பையை இழுக்கவும் அதிகாரம் இல்லை. சட்டம் நமக்கு ஒரு முகமும் மற்றவர்களுக்கு ஒரு முகமும் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், அடுத்த முறை வாசலில் நிறுத்தப்படும்போது பேச உரிமை இல்லாதவர்களாக நிற்போம்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இப்போது வாசலில் நிற்பவர்களும் அநேகமாகத் தனியார் கம்பனி ஆட்கள்தான். நோயாளர் பார்வை நேரத்தை அமுல்படுத்துவது அவர்களுடைய வேலை. அதை நாம் மதிக்க வேண்டும். பன்னிரண்டு பேராக ஒரு வார்ட்டுக்குள் போய்ச் சண்டை பிடிப்பது நமது பிழை. ஆனால் தோளில் கை வைத்துத் தள்ளுவதும், வயதுபோன மனுசியை "ஏய்" என்று கூப்பிடுவதும், அவசரமா இல்லையா என்று டொக்டர் மாதிரித் தீர்மானிப்பதும் அவர்களுடைய வேலை இல்லை.

▪️ செக்யூரிட்டியும் நமது ஆள்தான்

இதுவரை வாசித்துவிட்டு, அந்தச் செக்யூரிட்டியை அடிக்கக் கிளம்பியவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். வாசலில் நிற்பவர் யார்? அநேகமாக ஐம்பது தாண்டியவர். வெளிநாட்டில் உழைத்து, வீட்டைக் கட்டி, குமரைக் கரை சேர்த்துவிட்டு, கையில் ஒன்றுமில்லாமல் திரும்பியவர். பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிறார். பல கடைகளில் அவருக்கு ஒரு கதிரை கூட இல்லை. சாமான் குறைந்தால் அவருடைய சம்பளத்தில் வெட்டுவோம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் அவர் பொடியனின் கொலரைப் பிடிக்கிறார்.

பிறகு என்ன நடக்கும்? வீடியோவில் இருப்பது அவருடைய முகம். அடிக்கச் சொன்ன முதலாளியின் முகம் இல்லை. 2023 செப்டம்பரில் பொரளையில் ஒரு சுப்பர்மார்க்கட்டில் ஒரு பெண்ணைக் களவு எடுத்ததாகச் சொல்லி ஊழியர்கள் தாக்கிய வீடியோ நாடு முழுக்க ஓடியது ஞாபகம் இருக்கும். பொலிஸ் கைது செய்தது அங்கே வேலை செய்த பிள்ளைகளை. "முதலாளி சொன்னார், செய்தேன்" என்பது நீதிமன்றத்தில் தப்பிக்கும் வழி ஆகாது. செக்யூரிட்டி நானாமார் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாளிமாரும் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். குற்றத்துக்குத் தூண்டியவரும் உடந்தையாக இருந்தவரும் குற்றவாளிதான். வேலைக்காரர் வேலை நேரத்தில் வேலைக்காகச் செய்த பிழைக்கு நட்டஈடு கேட்டு முதலாளி மீது சிவில் வழக்கும் போடலாம். அந்த 15,000 ரூபாவின் கணக்கு அப்போது வேறு மாதிரி வரும்.

சம்பளத்தையும் பேசுவோம். நாட்டின் தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக நூற்றுக்கு 3. இவை சட்டம். பாதுகாப்புச் சேவைத் தொழிலுக்கென்றே சம்பளச் சபையும் இருக்கிறது. உங்கள் கடை வாசலில் நிற்பவருக்கு இவை கிடைக்கின்றனவா என்று எத்தனை முதலாளிமார் கேட்டிருக்கிறீர்கள்? "நாங்க கம்பனிக்குக் காசு கட்டுறம், மிச்சம் கம்பனிட வேலை" என்கிறீர்கள். ஆகக் குறைந்த விலை சொன்ன கம்பனிக்குக் கொந்தராத்துக் கொடுத்தது நீங்கள். அந்த விலையில் சேமலாப நிதியும் மேலதிக நேரமும் கட்டவே முடியாது என்று வியாபாரியான உங்களுக்கா தெரியாது? கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று மிம்பரிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

▪️ செய்ய வேண்டியவை

கடை முதலாளிமாருக்கு: கம்பனியின் பதிவு இந்த வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். 35ஆம் பிரிவைத் தமிழில் அரைப் பக்கமாக எழுதி ஊழியர் எல்லோருக்கும் கொடுங்கள். ஒருவரைப் பிடித்தால் பிடித்த நேரத்தையும் பொலிஸுக்கு அழைத்த நேரத்தையும் பதிவுப் புத்தகத்தில் எழுத வையுங்கள். பொலிஸ் வரத் தாமதம் என்றால் நீங்களே கொண்டுபோய் ஒப்படைக்கலாம். பிடிபட்டவர் பிள்ளை என்றால் முதல் கோல் பெற்றோருக்கு. போன் கெமரா வெளியே வரக் கூடாது.

செக்யூரிட்டி சகோதரர்களுக்கு: பார்ப்பதும், தடுப்பதும், அறிவிப்பதும், ஒப்படைப்பதும்தான் உங்கள் வேலை. பிடிபட்டவரைச் சனத்தின் அடியிலிருந்து காப்பாற்றுவதும் உங்கள் வேலைதான். அடிக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். சம்பளத்தில் வெட்டினால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

பொதுமக்களுக்கு: உங்களைப் பிடித்தால் ஓடாதீர்கள், கை நீட்டாதீர்கள். "என்ன குற்றத்துக்காகப் பிடித்தீர்கள், பொலிஸைக் கூப்பிடுங்கள்" என்று சத்தமாகக் கேளுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். காசு கொடுக்காதீர்கள். அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் காயத்தைப் பதியுங்கள், பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. பிள்ளைகள் பற்றியது என்றால் 1929. பெண்களுக்கு 1938. அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கந்தோரிலோ நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996.

குழும எட்மின்மாருக்கு: அந்த வீடியோ இன்னும் உங்கள் குழுமத்தில் இருந்தால் இன்றே அழியுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் இப்படியான எதையும் போடுபவரை நீக்குங்கள்.

வர்த்தகர் சங்கத்துக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும்: ஹஜ்ஜுப் பெருநாள் சீசன் தொடங்கும் முன் ஒரு கூட்டம் வையுங்கள். கடை முதலாளிகள், செக்யூரிட்டிகள், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, ஊரிலுள்ள ஒரு சட்டத்தரணி நால்வரையும் ஒரே இடத்தில் இருத்துங்கள். பிடித்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு நேரத்துக்குள் என்று எல்லாக் கடைக்கும் பொதுவான ஒரு ஒழுங்கை எழுதிக் கையெழுத்து வையுங்கள். 35ஆம் பிரிவை எளிய தமிழில் எழுதித் தர நான் தயார். இது ஒரு அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணித்தியாலத்தில் முடிக்கக்கூடிய வேலை. முடிக்காவிட்டால் அடுத்த வீடியோவுக்கு நாம் எல்லோரும் பொறுப்பு.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆனால் "அடிச்சாத்தான் திருந்துவான்" என்று மட்டும் எழுதாமல், அடிக்கலாம் என்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு சொல்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.